அம்மாவுக்கு ஒரு நாவல், தம்பிக்கு ஒரு நிரலாக்க நூல்: எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

கேள்வி இதுதான்: திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் ஒரு வாசகியின் அம்மா, வைத்தியசாலையில் நெடுங்காலம் தாதியாகப் பணிபுரிந்து அண்மையில் ஓய்வு பெற்றவர். மனத்துக்கு இதமான, நல்லபடியாக முடிகிற பெண்களின் கதைகள் வேண்டும் என்று அவர் கேட்கிறார். சிறிய எழுத்தை நெடுநேரம் வாசிக்க அவருடைய கண் இடம் தருவதில்லை. தம்பி கணிதப் பிரிவில் க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறார். அதற்கிடையில் கணினி நிரலாக்கம் கற்க விரும்புகிறார். வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. மாதம் ஒரு நூல் வாங்கத்தான் பணம் ஒதுக்க முடியும். யாருக்கு எதை வாங்குவது, எப்படித் தெரிவு செய்வது, வாட்ஸ்அப்பில் வரும் நாவல் பீடிஎஃப்களை அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்பன கேள்விகள்.

நூலகத்தின் இரவல் பகுதியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன்: மாதத்துக்கு ஒரு நூலுக்குத்தான் பணம் என்றால், அந்தப் பணத்தை அம்மாவின் நாவலுக்குச் செலவிடுங்கள். எங்கள் வீடுகளில் வழக்கம் இதற்கு நேர்மாறானது. பிள்ளையின் படிப்புக்கு என்றால் கடன்பட்டாவது தடித்த நூல் வாங்குவோம். அம்மா வாசிப்பதற்கு அயல்வீட்டில் மிஞ்சிக் கிடந்த பழைய இதழ் போதும் என்று விட்டுவிடுவோம். ஆனால் நிரலாக்கத்தைத் தொடங்குவதற்குத் தேவையான மிகச் சிறந்த நூல்களிற் பலவற்றை அவற்றை எழுதியவர்களே சட்டப்படி இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள். உயிரோடிருக்கும் ஒரு தமிழ்ப் பெண் எழுத்தாளரின் புதிய நாவல் பெரும்பாலும் அப்படிக் கிடைப்பதில்லை. அது விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஆகவே பணம் எங்கே தேவைப்படுகிறதோ அங்கே போகட்டும்.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அவற்றுள் இரண்டாவது. ‘உயர்ந்த நூல்’ என்றோ ‘பயனுள்ள நூல்’ என்றோ அவர் அங்கே சொல்லவில்லை. தாதியாக இருந்து நூற்றுக்கணக்கான மனிதர்களின் வலியைக் கண்ட ஒருவர், இனி மனம் இளகும் கதைகளை வாசிக்கிறேன் என்று கேட்பதும், பத்தொன்பது வயதுப் பிள்ளை நிரல் எழுதக் கற்கிறேன் என்று கேட்பதும் ஒரே அளவு கவனத்தோடு விடை சொல்ல வேண்டிய கேட்புகள்தாம். நூலகங்கள் நூல்களை எண்ணிட்டு அடுக்கும் முறையான தூயி தசமப் பகுப்பில் நிரலாக்கம் 005 என்ற எண்ணிலும் தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணிலும் வருவதால், மண்டபத்தின் இரு கோடிகளில் இவை நிற்கும். தெரிவு செய்யும் முறையும் அவ்வளவுக்கு வேறானது. நாவலுக்கு அச்சிட்ட ஆண்டு பொருட்டே இல்லை, அதன் தொனியும் முடிவுமே முக்கியம். நிரலாக்க நூலிலோ ஆண்டையும் பதிப்பையும் பார்க்காமல் முதற்பக்கத்தைக்கூட வாசிக்கத் தொடங்கக்கூடாது.

முதலில் அம்மாவின் நூல். இதமான கதை என்றால் துன்பமே இல்லாத கதை என்று பொருள் கொள்ள வேண்டாம். அப்படி ஒரு கதையை இருபது பக்கத்துக்கு மேல் எவராலும் வாசிக்க முடியாது. இழப்பு வரலாம், ஏமாற்றம் வரலாம், தனிமை வரலாம். ஆனால் கதையில் வரும் பெண் அதில் அமிழ்ந்துபோகாமல் எங்கேயோ ஓர் இடத்துக்கு வந்து சேர வேண்டும், வாசிப்பவரும் அவளோடு வந்து சேர வேண்டும். காதல் நாவல் என்ற வகைக்கு அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் வைத்திருக்கும் வரையறையில் இரண்டே கூறுகள்தாம் உள்ளன: நடுவில் ஒரு காதல் கதை, மனநிறைவும் நம்பிக்கையும் தருகிற முடிவு. முடிவு பற்றிய இந்த உறுதிதான் அந்த வகையின் உயிர். நல்லபடியாக முடியும் என்று தெரிந்தே வாசிப்பது அறியாமை என்று எண்ணுவோர் உண்டு. நான் அவ்வாறு நினைக்கவில்லை. முடிவு தெரிந்திருப்பதால்தான் நடுவில் வரும் துன்பத்தை அஞ்சாமல் நின்று பார்க்க ஒரு வாசகரால் முடிகிறது.

எனவே முதல் யோசனை: நாவலை அம்மாவிடம் கொடுப்பதற்கு முன் அதன் கடைசி அத்தியாயத்தை நீங்கள் வாசித்துவிடுங்கள். இது நூலகத்தில் நாங்கள் வழமையாகச் செய்வது. பின்னட்டைக் குறிப்பு விற்பதற்காக எழுதப்படுகிறது. கடைசி அத்தியாயம் பொய் சொல்லாது. அதன்பின் முதல் ஐந்து பக்கங்களையும் நடுவில் ஏதாவது ஓர் உரையாடலையும் பாருங்கள். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதை வைத்தியசாலைக் கட்டிலில் தொடங்குகிறதா, நோயாளியின் இறப்பைச் சுற்றியே நகர்கிறதா என்று பாருங்கள். மற்றவருக்கு அது கதையின் ஒரு திருப்பம். அவருக்கோ முடித்துவிட்டு வந்த பணிமுறை மீண்டும் தொடங்கியது போலிருக்கும்.

நடு உரையாடலைப் பார்க்கச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. குடும்ப நாவல் என்ற பெயரில் வருபவற்றில் ஒரு பகுதி, கட்டாயத் திருமணத்தையும் கதாநாயகனின் அடாவடியையும் காதலின் அடையாளமாகக் காட்டுகிறது. அவன் அறைகிறான், அவள் அழுகிறாள், இறுதியில் அவன் திருந்துகிறான், எல்லோரும் மகிழ்கிறார்கள். முடிவு திருமணம்தான் என்றாலும் இது எல்லாருக்கும் இதம் தருவதில்லை. காயப்பட்டு வந்த பெண்களுக்கு மருந்து கட்டிய ஒருவருக்கு நிச்சயமாகத் தராது. கதாநாயகன் கோபப்படும் ஒரு காட்சியைத் தேடி வாசியுங்கள். அந்த இடத்தில் எழுதியவர் யார் பக்கம் நிற்கிறார் என்பது இரண்டு பக்கத்துக்குள் தெரிந்துவிடும்.

பெயர்கள் கேட்பீர்கள். தமிழில் இந்த வகையைத் தேடுவோர் முதலில் போய் நிற்பது ரமணிசந்திரனிடம். நூலகங்களில் அவருடைய நூல்கள் அட்டை தேயத் தேய இரவல் போவதை நான் கண்டிருக்கிறேன். காதலும் குடும்பமும் கலந்து இணைவில் முடியும் கதைகள் என்பதால் அம்மா எதிர்பார்ப்பதற்கு அவை மிக அண்மையானவை. ஆனால் நான் மேலே சொன்ன கோபக் காட்சிச் சோதனையை இவற்றுக்கும் தவறாமல் செய்யுங்கள். சற்றுக் கனமாகவும் இருக்கலாம் என்று அம்மா சொல்வாரானால் லக்ஷ்மி என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரியைப் பாருங்கள். அவரே ஒரு மருத்துவர். 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். வேலைக்குப் போய் வருகிற பெண்ணின் மனத்தை வெளியில் நின்று பார்த்து எழுத வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அவருடைய எல்லாக் கதைகளும் இன்பமாக முடிவன அல்ல என்பதால் கடைசி அத்தியாயச் சோதனை இங்கேயும் வேண்டும்.

எங்கள் ஊரிலேயே ஒருவர் இருந்தார் என்பதை அம்மா அறிந்திருக்கவும் கூடும். ந. பாலேஸ்வரி திருகோணமலையைச் சேர்ந்த ஆசிரியை. 1966இல் வெளிவந்த ‘சுடர்விளக்கு’ தொடங்கிப் பல நாவல்கள் எழுதினார். அவருடைய ‘பூஜைக்கு வந்த மலர்’ 1972இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. பெண்ணின் மனமும் குடும்பமும்தான் அவருடைய களம். சென்னைத் தெருக்களையும் சென்னைப் பேச்சையும் வாசித்து வாசித்துப் பழகிய ஒருவருக்கு, தனக்குத் தெரிந்த ஊரின் ஆசிரியை எழுதிய கதை வேறொரு நெருக்கத்தைத் தரும். பழைய வீடுகளின் அலுமாரிகளில் வீரகேசரி வெளியீடுகள் இன்னும் இருக்கின்றன, உறவினரிடம் விசாரியுங்கள். இந்த ஊருக்கும் நாவலுக்கும் உள்ள தொடர்பு அதைவிடவும் பழையது. தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே பெண்ணின் விடுதலையைப் பேசும் ‘தத்தைவிடுதூது’ என்ற செய்யுள் நூலையும் அவர் எழுதியிருந்தார். நடை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது என்பதால் ஓய்வுநேர வாசிப்புக்கு இவற்றை நான் பரிந்துரைக்கவில்லை. ஆர்வம் உண்டானால் பின்னர் பார்க்கலாம்.

ஈழத்து இலக்கியம் என்றவுடன் பலர் போர்க்கால நாவல்களையே முதலில் நீட்டுவார்கள். அவற்றுள் பெரும் படைப்புகள் இருக்கின்றன, அவை வாசிக்கப்பட வேண்டியவை. ஆயினும் போரையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்ததையும் இந்த ஊரில் இருந்து, அதுவும் வைத்தியசாலைக்குள் இருந்து கண்ட ஒருவரிடம், இதை வாசிப்பது உங்கள் கடமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவராகக் கேட்கும்போது கொடுங்கள். கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

இனி எழுத்தின் அளவு. மாத நாவல் இதழ்கள் விலை குறைந்தவை, ஆனால் அவற்றின் எழுத்து சிறியது, தாள் செய்தித்தாளின் தரத்தில் இருக்கும், வரிகள் நெருங்கி நிற்கும்; உங்கள் அம்மாவின் கண்ணுக்கு அவை பொருந்தா. அதே கதை பின்னர் நூலாக வந்திருந்தால் நூலையே வாங்குங்கள். சாதாரண நூல்கள் பெரும்பாலும் 10 முதல் 12 புள்ளி எழுத்தில் அச்சாகின்றன. பார்வை குறைந்தோருக்கான பெரிய அச்சு என்று உலகில் கொள்ளப்படுவது 16 புள்ளியும் அதற்கு மேலும். தமிழில் அந்த அளவில் நாவல்கள் அரிது என்பதால் இங்கேதான் திரை உதவுகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை அறிந்துகொண்டு தெரிவு செய்யுங்கள். பழைய நூலை ஒளிவருடி எடுத்த பீடிஎஃப், பக்கத்தின் படம் மட்டுமே. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும். விரலால் இழுத்து இழுத்து ஓர் அத்தியாயம் வாசிப்பதற்குள் அலுத்துவிடும். ஈபப் வடிவத்தில் இருக்கும் மின்னூலில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் திரைக்கேற்பத் தாமே மடங்கிக்கொள்ளும். கைபேசியில் வாசிப்பதானால் ஈபப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பீடிஎஃப் மட்டுமே உண்டென்றால் ஒரு டப்லெட்டோ மடிக்கணினியோ வேண்டும்.

வாராந்தத் தொடராக வந்து பின்னர் நூலான நாவல்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கொக்கியோடு முடியும். முன்பு நடந்தது இடையிடையே நினைவூட்டப்படும். ஒரே மூச்சில் வாசிப்பவருக்கு அந்த நினைவூட்டல்கள் சலிப்புத் தரும். மாலையில் அரை மணிநேரம் மட்டும் வாசிப்பவருக்கோ அவையே வசதி. அம்மா எந்த வகை வாசகர் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவரிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள்: எந்தக் கதையைக் கீழே வைக்க மனமில்லாமல் வாசித்தீர்கள், எதைப் பாதியில் விட்டீர்கள்? பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கான விடைதான் கூடுதலாக வழிகாட்டும். ஆங்கிலத்தில் வாசிக்கும் பழக்கமும் இருந்தால், 1908இல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தின் மெல்லிய காதல் நாவல்கள் பழைய புத்தகக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். முடிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எல்லாம் இணைவில்தான் முடியும்.

இப்போது தம்பி. அவரிடம் எந்த மொழி கற்க வேண்டும் என்று கேட்காதீர்கள். கணினியை வைத்து எதைச் செய்ய விரும்புகிறார் என்று கேளுங்கள். இணையத்தளம் அமைப்பதா, கைபேசிச் செயலி எழுதுவதா, கணக்குகளையும் தரவுகளையும் கையாள்வதா, அல்லது பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் கற்க ஆயத்தமாவதா? இதற்கு இன்னும் விடை இல்லையென்றால் பைத்தன் மொழியில் தொடங்குவது நல்லது. இலங்கையில் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடம் அந்த மொழியைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே தமிழில் விளக்கம் கிடைக்கும், அந்தப் பாடத்தை எடுத்த நண்பர்களும் கிடைப்பார்கள்.

இங்கே ஒரு வரிசையை வலியுறுத்துகிறேன். முதலில் தேசிய கல்வி நிறுவகம் அந்தப் பாடத்துக்காகத் தமிழில் வெளியிட்டுள்ள வளநூலில் நிரலாக்கப் பகுதியை மட்டும் வாசிக்கட்டும். இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். மாறி, நிபந்தனை, மீள்செய்கை, பட்டியல் ஆகிய அடிப்படைக் கருத்துகள் தாய்மொழியில் ஒருமுறை தெளிவாகிவிட்டால், ஆங்கில நூலில் அதே கருத்தைச் சந்திக்கும்போது மொழியோடும் கருத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டியிராது. அதன்பின் ஆங்கிலத்துக்குப் போகத்தான் வேண்டும். பிழைச் செய்திகளும் மொழியின் ஆவணங்களும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அதைத் தள்ளிப்போடுவதில் பயனில்லை.

நிரலாக்க நூல்கள் ஒரே வகையானவை அல்ல. கைபிடித்துப் படிப்படியாக அழைத்துச் செல்லும் பயிற்சி நூல் ஒன்று; ஒரு மொழியின் எல்லாக் கட்டளைகளையும் அகராதிபோல் தரும் உசாத்துணை நூல் இன்னொன்று; குறிப்பிட்ட வேலை ஒன்றைச் செய்து முடிக்கும் வழிகளைத் தொகுத்துத் தருவது வேறு; அடிப்படைக் கொள்கையை விளக்குவது வேறு. தொடங்குகிறவர்கள் அடிக்கடி வாங்குவது ஆயிரம் பக்க உசாத்துணை நூலை. தடிப்பாக இருப்பதால் அதில் எல்லாம் இருக்கும் என்று நம்புகிறார்கள், இருப்பதும் உண்மைதான். ஆனால் அகராதியை முதற்பக்கத்திலிருந்து வாசித்து எவரும் மொழி பேசக் கற்றதில்லை. தம்பிக்கு இப்போது வேண்டியது முந்நூறு, நானூறு பக்கத்துக்குள் அடங்கும் ஒரு பயிற்சி நூல். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் பயிற்சிகள் இருக்க வேண்டும், நூலில் உள்ள நிரல்களைத் தரவிறக்க ஒரு தளமும் திருத்தப் பட்டியலும் இருந்தால் இன்னும் நல்லது. சில வாரங்களில் வல்லுநர் ஆக்கிவிடுவதாக அட்டையில் சொல்லும் நூல்களை விட்டுவிடுங்கள்.

ஆண்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பழைய புத்தகக் கடைகளில் பணம் வீணாவது இங்கேதான். பைத்தன் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். ஆனால் பைத்தன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி முதலாம் திகதிதான் முடிந்தது. அந்தப் பதினொரு ஆண்டு இடைவெளியில் இரண்டு பதிப்புகளுக்கும் நூல்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. எனவே 2012இல் வந்த நூல் என்பது மட்டும் போதாது, பைத்தனின் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். பார்ப்பது எளிது. முதல் அத்தியாயத்தில் திரையில் ஒரு வரியை அச்சிடும் நிரல் இருக்கும். ‘பிரிண்ட்’ என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் நேரே மேற்கோள்குறி வந்தால் அது பழைய பைத்தன். புதிய பைத்தனில் தட்டினால் அடைப்புக்குறியைக் காணவில்லை என்று பிழை காட்டும். பிழை காட்டுவது நல்லது, உடனே தெரிந்துவிடும். தெரியாமலே நடக்கும் வேறுபாடுகள் தொல்லையானவை: 7ஐ 2ஆல் வகுத்தால் பழைய பைத்தன் 3 என்று விடை தரும், புதியது 3.5 என்று தரும். நூல் ஒன்று சொல்ல, கணினி இன்னொன்று சொல்ல, கற்கிற பிள்ளை தன்னில்தான் தவறு என்று மனம் தளர்ந்துவிடும்.

மற்ற மொழிகளிலும் இப்படித்தான். இணையத்தளங்கள் அமைக்கப் பயன்படும் பிஎச்பி மொழியின் 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பு, தரவுத்தளத்தோடு இணைக்கும் பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகளை முற்றாக நீக்கிவிட்டது. அதற்கு முந்திய பிஎச்பி நூல்கள் பலவற்றின் தரவுத்தள அத்தியாயம் இன்று ஓடாது. ஜாவாஸ்கிரிப்ட் 2015இல் பெரிதாக மாறியது. அதற்கு முன் எழுதிய நூலில் உள்ள நிரல்கள் இன்றும் ஓடும், ஆனால் இன்று யாரும் எழுதாத முறையில் எழுதப் பழக்கும். ஆயினும் பழையதெல்லாம் குப்பை என்று ஒதுக்கவும் கூடாது. சி மொழியைப் பற்றி, அதை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி, பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து 1978இல் எழுதி 1988இல் திருத்திய சிறு நூல் இன்றும் வாசிக்கத் தக்கது. கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். வழிமுறைகள், தரவுக் கட்டமைப்புகள், கணிதம் பற்றிய நூல்களுக்கும் வயது பெரிய குறையல்ல. ஒரு மென்பொருளின் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று படத்தோடு காட்டும் நூல்தான் முதலில் காலாவதியாகிறது.

தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். இந்திய மறுபதிப்புகளில் அண்மைய அச்சின் ஆண்டு கண்ணில் படும்படி நிற்கும்; உங்களுக்கு வேண்டியது பதிப்பின் ஆண்டு. மூன்றாம் பதிப்பு 2006, மறுஅச்சு 2019 என்றிருந்தால் அது 2006ஆம் ஆண்டு நூல்தான். அந்தப் பக்கமே கிழிந்துபோயிருந்தால் பின்னட்டையிலுள்ள ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணைப் பாருங்கள். 2007 ஜனவரி முதல் அந்த எண் 13 இலக்கங்கள் கொண்டது. 10 இலக்கம் மட்டுமே இருந்தால் நூல் அதற்கு முந்தியது. அம்மாவின் நாவலுக்கு இது எவ்விதக் குறையுமல்ல. தம்பியின் நூலுக்கு, மேலே சொன்ன விதிவிலக்குகள் நீங்கலாக, அத்தோடு அதை வைத்துவிட்டு வரலாம்.

நல்ல நூலை அறிய இன்னொரு சோதனையை நான் விரும்பிச் சொல்வதுண்டு. பைத்தனில் ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்கும் கட்டளை ‘லென்’. ‘திருகோணமலை’ என்ற சொல்லைக் கொடுத்து அதன் நீளத்தைத் தம்பி கேட்டுப் பார்க்கட்டும். எங்கள் கணக்கில் ஆறு எழுத்துகள். கணினி 10 என்று விடை சொல்லும். தி, ரு, கோ, லை ஆகிய நான்கிலும் மெய்க்கு ஒன்றும் உயிர்க்குறிக்கு ஒன்றுமாக இரண்டிரண்டு குறியீடுகளை, கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் பொது முறையான யூனிகோட் வைத்திருக்கிறது. ண, ம இரண்டும் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. கையிலுள்ள நூலில் எழுத்துச்சரம், அதாவது எழுத்துகளின் தொடர், பற்றிய அத்தியாயத்தை வாசித்தபின் இந்த விடைக்கான காரணத்தைத் தம்பியால் ஊகிக்க முடிந்தால், அந்த நூல் காரணங்களை விளக்குகிறது என்று அறியலாம். கட்டளையை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்தால் அது வெறும் செய்முறைக் குறிப்பு.

நிரலாக்க நூலைச் சாய்ந்து படுத்துக்கொண்டு வாசிப்பதில் பயனில்லை என்பதையும் தம்பிக்குச் சொல்லிவிடுங்கள். மடிக்கணினி பக்கத்தில் திறந்திருக்க வேண்டும், நூலில் உள்ள நிரலை வெட்டி ஒட்டாமல் தன் கையால் தட்ட வேண்டும், ஓடியபின் ஓர் எண்ணையோ ஒரு சொல்லையோ மாற்றி என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கேட்டால் விடை வருகிறதே, நூல் எதற்கு என்று அவர் கேட்கலாம். கேட்ட கேள்விக்கு விடை வருவது உண்மை. ஆனால் எதை எதற்குப் பின் கேட்க வேண்டும் என்ற ஒழுங்கு தொடங்குகிறவருக்குத் தெரியாது. அந்த ஒழுங்கைத் தருவதற்குத்தான் நூல்.

அவருக்கு இலவசமாகக் கிடைப்பவற்றுள் முதன்மையானது பைத்தனின் உத்தியோகபூர்வத் தளத்திலுள்ள பயிற்சிக் கையேடு. ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா செலவில்லாமல் வாசிக்கலாம். அது ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவருக்கு உகந்த நடையில் இருக்கிறது. ஆகவே தமிழ் வளநூலுக்கும் ஓர் இலவச ஆங்கிலப் பயிற்சி நூலுக்கும் பிறகு அதை எடுப்பது நல்லது. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. அங்கு கற்கும் அயலவர் யாரும் இருந்தால், முதலாம் ஆண்டில் பரிந்துரைக்கப்படும் நூல்களின் பெயர்களையும் அவற்றுள் உண்மையில் பயன்பட்டவை எவை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தம்பிக்காகப் பணம் செலவிடும் மாதம் மூன்று நான்கு மாதங்களின் பின் வரட்டும். எந்தத் துறையில் தொடரப்போகிறார் என்பது அதற்குள் தெரிந்திருக்கும்.

நகரப் பொது நூலகத்தில் இருவருக்கும் அங்கத்துவம் எடுங்கள். நாவல் பகுதியில் அம்மா ஒரு எழுத்தாளரை இரவல் எடுத்துச் சுவைத்துப் பார்த்துவிட்டு, பிடித்தவரின் நூலை மட்டும் விலைக்கு வாங்கலாம். மாதம் ஒரு நூல் என்ற கட்டுப்பாடு அப்போது அவ்வளவாக உறுத்தாது. நூலகரிடம் பேசத் தயங்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். என்ன வேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டு, கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போன பெண்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். ‘அழவைக்காத கதை தாருங்கள்’ என்று ஒருவர் வந்து கேட்டால் எந்த நூலகரும் மகிழ்வார், அவ்வளவு தெளிவான கேட்பு எங்களுக்கு அரிதாகவே கிடைக்கும். பழைய நூல் வாங்கும்போது முதுகுப் பகுதியையும் உள்விளிம்பையும் விரித்துக் கறையான், பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். கடற்காற்றும் மாரி மழையும் உள்ள இந்த ஊரில் ஒரு பூஞ்சண நூல் அலுமாரியிலுள்ள மற்றவற்றையும் கெடுத்துவிடும்.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் வரும் பீடிஎஃப்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு நூலின் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்து 70 ஆண்டுகள் வரையும் இருக்கிறது. ஆகவே இன்றைய நாவலாசிரியைகளின் நூல்களை அனுமதியின்றிப் பகிர்வது சட்டத்துக்குப் புறம்பானது. அம்மா விரும்பும் வகைக் கதைகளை எழுதுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், நூல் விற்றால்தான் அவர்களுக்கு வருமானம். அடுத்த நாவல் வருவதும் அதைப் பொறுத்தது. முறையாக இலவசமாக வாசிக்க இடங்கள் இருக்கின்றன. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. பாலேஸ்வரியின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள். அவற்றிற் பெரும்பாலானவை ஒளிவருடிய பக்கங்கள் என்பதால் அம்மா மடிக்கணினியில் வாசிப்பதே வசதி. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்களோடு பதிப்புரிமை நீங்கிய உரைநடை நூல்களும் கிடைக்கின்றன. எழுத்தாளர்கள் தாமே உரிமம் கொடுத்து வெளியிட்ட புதிய மின்னூல்களை ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளத்தில் ஈபப் வடிவத்திலேயே எடுக்கலாம். அம்மாவின் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்க உகந்தவை அவை. அங்கும் எதை எடுத்தாலும், கடைசி அத்தியாயத்தை நீங்கள் முதலில் வாசித்துவிட்டே அவரிடம் கொடுங்கள்.